ஐந்துக்கு நாலரை: சாந்தாக்ரூஸ் பீமா லோக்பால், மூன்றாவது மாடி

என் மனைவியின் புற்றுநோய் ஊசி ஒன்றுக்கு 32,400 ரூபாய். 21 நாளைக்கு ஒரு தடவை. மொத்தம் 13 தடவை. கூட்டினால் 4,21,200. இந்தக் கணக்கு எங்கள் வீட்டுப் பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே சிவப்பு மையில் 'வந்துவிட்டது' என்று எழுதிக் கோடு போட்டது 2025 ஜூன் கடைசியில். முதல் வரிக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. இன்சூரன்ஸ் கம்பெனி தர மறுத்த அந்தப் பணத்துக்காக, அதற்குள் மூன்று வாசல்களில் ஏறி இறங்கினேன். முதல் வாசலுக்கு அரை நட்சத்திரம். இரண்டாவது ஒரு தபால்பெட்டி. தபால்பெட்டிக்கு யாராவது நட்சத்திரம் போடுவார்களா? மூன்றாவது பீமா லோக்பால், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து உத்தரவு போடும் அலுவலகம்; அதற்கு நாலரை. எந்த வாசலுக்கு ஏன் இந்த மதிப்பெண் என்று சொல்கிறேன்.

நான் செம்பூர்க்காரன். பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம், பம்பாய்க்கு வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. லோயர் பரேலில் ஓர் அச்சகத்தில் 31 வருடம் மெய்ப்புப் பார்த்தேன். கதை, கவிதை எல்லாம் இல்லை. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள். பங்குதாரர் யாரும் படிக்காத அடிக்குறிப்புகளை, ஏழு பாயிண்ட் எழுத்தில், கமா விடாமல் படிப்பதுதான் என் பிழைப்பு. மூக்குக்கண்ணாடியின் கனம் அதனால் வந்தது. இந்த வேலையால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று என் மனைவி வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் 2024-இல் கிடைத்தது. கிடைக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2024 பிப்ரவரியில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஹெர்-2 பாசிட்டிவ். அந்த வகைக்கு வெறும் கீமோ போதாது, டிராஸ்டுசுமாப் என்ற ஊசியும் ஒரு வருடம் போட வேண்டும் என்றார் டாக்டர். புற்று செல்லின் மேல் அளவுக்கு மீறி முளைத்திருக்கும் ஹெர்-2 என்ற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. புதுச் சரக்கு இல்லை. 2015-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டது. நம் நாட்டுப் பட்டியலிலும் அதே வருடம் சேர்ந்தது. பெங்களூரு பயோகான் 2014-இலேயே இந்தியாவில் இதன் பயோசிமிலரை, அதாவது இதையே ஒத்த மாற்று மருந்தை, கொண்டுவந்துவிட்டது. எங்கள் வீட்டம்மாவுக்கு மொத்தம் 17 ஊசி. முதல் நான்கு கீமோவோடு சேர்த்து, மிச்சம் 13 தனியாக. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதயத்துக்கு எக்கோ, ஏனென்றால் இந்த மருந்து சிலருக்கு இதயத்தின் பலத்தைக் குறைக்கும்.

பாலிசி 2016 ஜூனில் எடுத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து பத்து லட்சம். ஒரு வருடம்கூட விட்டதில்லை, ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. கீமோவுக்கும், கீமோவோடு போன நான்கு ஊசிக்கும், அறுவை சிகிச்சைக்கும் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் பணம், சரசரவென்று வந்தது. 'பாத்தீங்களா, நல்ல கம்பெனி' என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்கிழமை. சிகிச்சை முடிந்து அன்றே வீட்டுக்குப் போகிற டே கேர் வார்டில் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து ஊசிக் குழாய் போட்டாகிவிட்டது. பில்லிங் மேஜைப் பெண் என்னைக் கூப்பிட்டு, 'அங்கிள், அப்ரூவல் ரிஜெக்ட் ஆயிடுச்சு. கேஷ் கட்டினா மருந்து கலக்கச் சொல்றேன்' என்றாள். மலையாளிப் பெண், நல்ல தமிழ் பேசுவாள். மருந்தைக் கலந்துவிட்டால் திருப்பி வாங்க மாட்டார்கள், அதனால் பணம் வராமல் கலக்க மாட்டார்கள். நான் கார்டைத் தேய்த்தேன். உள்ளே அவள் கையில் குழாயோடு வெந்நீர்க் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் சொன்னேன். 'என்னங்க, இந்த ஊசிய நிப்பாட்டிட்டா என்ன ஆகும்?' என்று கேட்டாள். எனக்குத் தெரியாததால் மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். அவர், 'சண்டையை நீங்கள் போடுங்கள், ஊசியை நான் போடுகிறேன், இரண்டையும் கலக்காதீர்கள்' என்றார். இதே நிலைமையில் இருக்கிற யாருக்காவது ஒரே ஒரு வரி சொல்லலாம் என்றால் அந்த டாக்டர் சொன்ன வரியைத்தான் சொல்வேன். மேல்முறையீடு மாதக்கணக்கில் போகும். ஊசிக்கு 21 நாள்தான் தவணை. ஆறு பவுன் வளையலை வங்கியில் வைத்தோம். 'எதுக்குத்தான் இதெல்லாம் வாங்கிப் போட்டோம்' என்று அவளே கழற்றிக் கொடுத்தாள்.

சரி, முதல் வாசல்: கம்பெனியின் குறைதீர் பிரிவு.

முதல் கடிதம் சொன்னது: 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கவில்லை, இது வெளிநோயாளி சிகிச்சை, பணம் கிடையாது. மருந்தின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. நான் அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத்தான் மேலே படித்தேன், பழக்க தோஷம். கேஷ்லெஸ் மறுத்தார்கள் என்றால் கிளெய்மே மறுத்ததாக அர்த்தம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பணம் கட்டிவிட்டுப் பில்லோடு தனியாகக் கேட்க வேண்டும். கேட்டேன். இரண்டாவது கடிதம் வந்தது. அதில் வெளிநோயாளி காரணம் காணாமல் போயிருந்தது. இப்போது காரணம்: இது கீமோதெரபி இல்லை, இம்யூனோதெரபி (எதிர்ப்புச் சக்தி வழியாக நோயைத் தாக்கும் சிகிச்சை), இம்யூனோதெரபி பாலிசியில் இல்லை. குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். நவம்பரில் மூன்றாவது கடிதம். அதில் இம்யூனோதெரபியையும் காணோம். உங்கள் மனைவிக்குப் பத்து வருடமாகத் தைராய்டு, 2016-இல் பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டீர்கள், ஆகவே பணம் இல்லை, பாலிசியை ரத்து செய்யும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

இதைப் படித்த அன்றைக்குத்தான் கை நடுங்கியது. பணம் போனால் போகிறது, பாலிசியே போய்விட்டால் 60 வயதில் புற்றுநோய்க்காரிக்கு வேறு யார் பாலிசி கொடுப்பார்?

பத்து வருடத் தைராய்டு எங்கிருந்து வந்தது? அவள் தைராய்டு மாத்திரை போட ஆரம்பித்தது 2018-இல், செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் எழுதிக் கொடுத்து. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் இருந்த ஒரு டியூட்டி டாக்டர், 'எத்தனை வருஷமா தைராய்டு?' என்று கேட்டிருக்கிறார். இவள் 'அது ஒரு பத்து வருஷமா இருக்கும்' என்று சொல்லியிருக்கிறாள். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரு பத்து வருஷம்தான். வாசல் கேட் துருப்பிடித்து ஒரு பத்து வருஷம், மைத்துனன் பேசி ஒரு பத்து வருஷம். அது கேஸ் ஷீட்டில் ஏறி, சம்மரியில் ஏறி, கம்பெனியின் மேஜைக்குப் போய்விட்டது. டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்துப் போடுவதற்கு முன் நோய் வரலாறு எழுதிய பத்தியைப் படியுங்கள். ஆயிரக்கணக்கான பக்கம் மெய்ப்புப் பார்த்த நானே அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை.

இந்த வாசலுக்கு அரை நட்சத்திரம்கூட ஏன் என்றால், மறுப்பை எழுத்தில் கொடுத்தார்கள். போனில் பேசியே மழுப்பியிருந்தால் அடுத்த வாசலில் காட்ட எனக்கு எதுவும் இருந்திருக்காது.

பாலிசிப் புத்தகத்தை நான் முழுதாகப் படித்தது அந்த வாரம்தான். வெட்கம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். எட்டு வருடம் பிரீமியம் கட்டினேன், 41 பக்கப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 19-ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. நவீன சிகிச்சைகள் என்று தலைப்பு. பன்னிரண்டு வரிசை. வாய்வழிக் கீமோ, ரோபோ அறுவை சிகிச்சை என்று போகிறது. நடுவில் ஒரு வரி: இம்யூனோதெரபி, ஊசியாகச் செலுத்தப்படும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி, காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் வரை. மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்றால் ஒரே ஒரு குறியைத் தேடி ஒட்டிக்கொள்ளும்படி தயாரித்த புரதம்; டிராஸ்டுசுமாப் அதுதான். ஊசியாகத்தான் செலுத்துகிறார்கள். பத்து லட்சத்தில் பாதி ஐந்து லட்சம். எங்கள் 13 ஊசியும் 2024 ஜூனுக்கும் 2025 ஜூனுக்கும் நடுவில், ஒரே பாலிசி வருடத்தில் வருகின்றன. 4,21,200 அதற்குள் அடங்குகிறது. அவர்கள் இல்லை என்று சொன்ன சிகிச்சையை அவர்களே அச்சடித்து என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இது இந்தக் கம்பெனியின் தர்மசிந்தனை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2019 செப்டம்பரில் போட்ட விதி அது. பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு, இவற்றை ஒதுக்கக் கூடாது, வேண்டுமானால் உச்சவரம்பு வைத்துக்கொள் என்றது. அதனால் அனேகமாக எந்தக் கம்பெனியின் பாலிசி என்றாலும் இப்படி ஓர் அட்டவணை எங்காவது இருக்கும். பக்க எண்ணும் சதவீதமும்தான் மாறும்.

தைராய்டுக்கான பதில் 27-ஆம் பக்கத்தில். மாரட்டோரியம் என்று ஒரு பத்தி. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், அதற்குப் பிறகு 'நீ அதைச் சொல்லவில்லை, இதை மறைத்தாய்' என்று கம்பெனி கிளெய்மை எதிர்க்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் முடியும். முன்னால் இது எட்டு வருடம், 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். 2016 ஜூனிலிருந்து எண்ணினால் எங்களுக்குப் பழைய எட்டுக் கணக்கும் தாண்டிவிட்டது. அதாவது தைராய்டு நிஜமாகவே 2014-இல் வந்திருந்தாலும் அந்தக் கடிதம் நிற்காது.

அப்புறம் இரண்டாவது வாசல், பீமா பரோசா. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் புகார்த் தளம். 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். என் மகள்தான் ஏற்றிக் கொடுத்தாள். தபால்பெட்டி என்று ஏன் சொன்னேன் என்றால், அங்கே போடுகிற புகார் நேராகக் கம்பெனிக்குத்தான் போகிறது. தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. கம்பெனி இரண்டு வாரத்துக்குள் பதில் போட வேண்டும், போட்டதா என்று ஆணையம் பார்க்கும். என் கம்பெனி அதே மூன்றாவது கடிதத்தை மறுபடி ஒட்டிவிட்டது. ஆனால் ஒரு டோக்கன் எண்ணும் தேதியும் கிடைத்தன. காகிதத்தோடு பிழைத்தவனுக்கு அது சும்மா இல்லை.

இந்தச் சமயத்தில்தான் 'கிளெய்ம் கன்சல்டன்ட்' ஒருவர் போனில் வந்தார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஜெயித்தால் 15 சதவீதம், முன்பணம் 5,000. 63,000 ரூபாய்க்கு இவர் என்ன செய்வார் என்று கேட்டேன். 'அங்கிள், லோக்பால்ல கேஸ் போடுவோம்' என்றார். லோக்பாலுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கூடாது. பாதிக்கப்பட்டவரே எழுதலாம், அவரே பேசலாம். இது 2017 விதிகளிலேயே இருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாசல். இங்கிலீஷில் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், போர்டில் இந்தியில் பீமா லோக்பால். மும்பையில் நான் போனது சாந்தாக்ரூஸ் மேற்கில் எஸ்.வி. ரோடில், ஜீவன் சேவா அனெக்ஸ் கட்டடத்தின் மூன்றாவது மாடி.  ஆட்டோக்காரரிடம் லோக்பால் என்று சொல்லாதீர்கள், டெல்லிக்குப் போகச் சொல்வதாக நினைப்பார். எல்.ஐ.சி. கட்டடம் என்றால் போதும்.

இங்கே வர மூன்று நிபந்தனை. முதலில் கம்பெனியிடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வர வேண்டும். பதிலே போடாவிட்டால் ஒரு மாதம் பொறுத்துவிட்டு வரலாம். இதே விஷயத்துக்காக நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கக் கூடாது. 50 லட்சம் வரைக்கும் இவர்கள் உத்தரவு போடலாம். 2023 வரை அது 30 லட்சமாக இருந்தது. ஆபீஸில் கொடுக்கிற குரூப் பாலிசி என்றாலும் வரலாம். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

புகாரை நெட்டிலேயே ஏற்றலாம். நான் 2025 ஜனவரி 20 அன்று ஏற்றினேன். அப்போது ஏழு ஊசி போயிருந்தது, 2,26,800 ரூபாய். பிறகு ஒரு சம்மதப் படிவம் வரும், கையெழுத்துப் போட்டு பிப்ரவரி 10 அன்று சேர்த்தேன்.

புகாரை எப்படி எழுதினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மகள் முதலில் எழுதிக் கொடுத்தது நாலு பக்கம். படித்தால் கண்ணீர் வரும். அம்மா எங்களை எப்படி வளர்த்தாள், முடி கொட்டியபோது கண்ணாடியை எப்படித் துணி போட்டு மூடினாள், வளையல். எல்லாம் சத்தியம். நான் அத்தனையையும் அடித்துவிட்டேன். 'அப்பா, உங்களுக்கு மனசே இல்லையா?' என்று கேட்டாள். மனசு இருப்பதால்தான் அடித்தேன். அந்த மேஜைக்கு வருகிற ஒவ்வொரு தாளிலும் ஒரு அம்மா இருப்பாள். படிக்கிறவருக்கு வேண்டியது பக்க எண்.

ஒரே தாள். மூன்று பத்தி கொண்ட அட்டவணை. இடது பக்கம் அவர்கள் சொன்ன காரணம், கடிதத் தேதியோடு. நடுவில் அவர்களுடைய புத்தகத்தின் பக்க எண். வலது பக்கம் அந்தப் பக்கத்தில் இருக்கிற வாசகம், ஓர் எழுத்து மாறாமல். வெளிநோயாளி என்ற காரணத்துக்கு எதிரே டே கேர் சிகிச்சையின் விளக்கம். கூடவே அதே வார்டில், அதே மருந்துக்கு, அவர்களே பணம் கொடுத்த முதல் நான்கு ஊசியின் தேதிகள். இம்யூனோதெரபிக்கு எதிரே பக்கம் 19. தைராய்டுக்கு எதிரே பக்கம் 27, 2016-இன் முதல் ரசீது, 2018-இன் முதல் மாத்திரைச் சீட்டு. அடியில் ஒரு வரி: மூன்று கடிதத்தில் மூன்று காரணம், ஒவ்வொன்றும் முந்தியதைக் கைவிட்டிருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 2024 மே மாத மாஸ்டர் சுற்றறிக்கைப்படி, கிளெய்மை மறுக்க வேண்டுமானால் கம்பெனிக்குள் ஒரு மறுஆய்வுக் குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். அந்தக் குழு எந்தத் தேதியில் பார்த்தது என்று கேட்டிருந்தேன். இன்றுவரை பதில் இல்லை.

டாக்டரின் கடிதம் அரைப் பக்கம். ஹெர்-2 பாசிட்டிவ், பரிசோதனையில் 3+ என்று வந்திருக்கிறது; இந்த மருந்து ஒரு வருடம் என்பது நிலையான சிகிச்சை; நரம்பு வழியாகச் செலுத்துவதால் கண்காணிப்போடு டே கேரில்தான் போட முடியும், வீட்டில் முடியாது. அவ்வளவுதான். பெரிய டாக்டர்களிடம் கடிதம் கேட்கக் கூச்சப்படுவார்கள் நம் ஆட்கள். நான் மூன்று விஷயத்தையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

விசாரணை ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. வீடியோவிலும் வரலாம் என்றார்கள். நான் நேரிலேயே போனேன், கேமராவில் பேசினால் எனக்கு எச்சில் விழுங்கத் தோன்றும். செம்பூரிலிருந்து லிங்க் ரோடு வழியாக ஆட்டோ. மனைவி வரவில்லை, தயிர்சாதம் மட்டும் கட்டிக் கொடுத்தாள். அங்கே யாராவது சாப்பிட விடுவார்களா என்று கேட்டேன். 'எங்க போனாலும் பசிக்கத்தான செய்யும்' என்றாள்.

எனக்கு முந்தியவர் வீடியோவில். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கோர்ட் மாதிரி கூண்டு, டவாலி எல்லாம் இல்லை. ஒரு மேஜை, நாலு நாற்காலி. கம்பெனி சார்பில் ஓர் அதிகாரியும் ஒரு டாக்டரும். என்னிடம் இந்தியில் பேசலாமா என்று கேட்டார்கள். என் இந்தி மாட்டுங்கா மார்க்கெட் இந்தி, வாழைக்காய் பேரம் பேசப் போதும், சட்டம் பேசப் போதாது. பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார் ஓம்புட்ஸ்மேன். நான் நிஜமாகவே மெதுவாகச் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை.

கம்பெனி டாக்டர் தைராய்டில் ஆரம்பித்தார். ஓம்புட்ஸ்மேன் என் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, 'இந்த 27-ஆம் பக்கம் உங்கள் புத்தகம்தானே?' என்று கேட்டார். ஆமாம் என்றார். பிறகு பக்கம் 19. அதற்கும் ஆமாம். பிறகு, 'முதல் நான்கு ஊசிக்கு எந்த நிபந்தனையின் கீழ் பணம் கொடுத்தீர்கள்?' அந்த அதிகாரி ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பையன்மேல் ஒரு பாவம் வந்தது, நிஜமாகத்தான். முப்பது வயது இருக்கும். அந்தக் கடிதங்களை எழுதியது அவனாக இருக்காது. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கீழே இறங்கி வந்து, படிக்கட்டுப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

உத்தரவு மே 6 அன்று வந்தது. எல்லாத் தாளும் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்பது விதி. பிப்ரவரி 10-இலிருந்து எண்ணிப் பாருங்கள், உள்ளேதான் இருக்கிறது. ஏழு பில்லுக்கும் முழுப் பணம், வட்டியோடு. வங்கி விகிதத்துக்கு மேல் இரண்டு சதவீதம் கணக்கு. கம்பெனி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் எனக்குத் தண்டம் கட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. 28-ஆவது நாள் பணம் வந்துவிட்டது. நான் 31-ஆவது நாளுக்காகக் கொஞ்சம் ஆசையோடு காத்திருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. இந்த உத்தரவு கம்பெனியைக் கட்டும், நம்மைக் கட்டாது. தோற்றிருந்தால் நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம்.

அப்புறம் ஏன் அரை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்? இது அந்த அலுவலகத்தின் மேல் குறை இல்லை, விதியின் மேல். உத்தரவு நான் எழுதிக் கேட்ட ஏழு பில்லுக்குத்தான். மீதி ஆறு ஊசிக்கு உத்தரவு நகலை இணைத்து மறுபடி கம்பெனிக்கு எழுத வேண்டியிருந்தது. இந்தத் தடவை சத்தம் இல்லாமல் கொடுத்துவிட்டார்கள், ஜூன் கடைசியில். கொடுக்காமல் இருந்திருந்தால் மறுபடி முதல் வாசலிலிருந்து. இன்னொன்று, இங்கே நேரடியாக ஏற்பட்ட நஷ்டத்துக்குத்தான் பணம். மன உளைச்சலுக்கு ஒரு பைசாவும் கிடையாது. வட்டியும் நகைக்கடன் வட்டிக்கு ஈடாகவில்லை. வளையலை மீட்கும்போது கையிலிருந்து கொஞ்சம் போட்டோம்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் சொசைட்டியில் இரண்டு பேர் ஃபைலோடு வந்தார்கள். ஒருவருக்கு நல்ல கேஸ், எழுதிக் கொடுத்தேன். இன்னொருவர் மனைவிக்கு வீட்டில் தினமும் போடுகிற ஹார்மோன் மாத்திரை, அவர்கள் பாலிசியில் வெளிநோயாளிச் செலவே கிடையாது. அவர்கள் பாலிசிப் புத்தகத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, இதற்குப் போகாதீர்கள் என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம். சில மறுப்புகள் சரியான மறுப்புகள்தான், அதைச் சொல்ல ஒருத்தன் வேண்டும்.

கடைசி ஊசி மே 19 அன்று முடிந்தது. எக்கோ நன்றாக இருக்கிறது. ஜூனில் பாலிசியைப் புதுப்பித்தேன், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு, செப்டம்பர் 22-இலிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். நம் ராசி அப்படி. புதுப் புத்தகம் கூரியரில் வந்தது. இந்தத் தடவை 44 பக்கம். அட்டவணை 19-இலிருந்து 22-ஆம் பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் காப்பியோடு சிவப்புப் பேனாவையும் அவளே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.